பூண்டு உரிக்காத நாள்

வில்லியனூர் மாதா மேல் ஆணை, நான் தின்ற உப்பின் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு இப்போதே இழுத்துக்கொள்ளட்டும். பாருங்கள், இழுக்கவில்லை, ஆகவே அத்தனையும் உண்மை. இன்னொருத்தர் மண்டைக்குள் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்கள் எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. மற்றவர்கள் கேளுங்கள். புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, மர்த்தேன் சவரிநாதன் என்று பெயர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கியைத் தொட்டதைவிடப் பாட்டிலைத் தொட்டது அதிகம், தூலோன் துறைமுகத்தில் அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒயின் பரிமாறினவர். அவர் மூக்கைப் பற்றி ஒரே ஒரு சேதி சொல்கிறேன். ஒருமுறை கர்னல் நீட்டிய கிளாஸை முகர்ந்துவிட்டு, இந்தத் திராட்சையைப் பறித்தவனுக்குப் பல்வலி, கிராம்புத் தைலம் வைத்திருந்திருக்கிறான் என்றார். கர்னல் நம்பாமல் தோட்டத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தால், கடைவாய்ப் பல் பிடுங்கின கிழவன் ஒருவன் வீங்கின கன்னத்தோடு வந்து நின்றான். அப்பேர்ப்பட்ட மூக்கு. அந்த மூக்கு இப்போது, பிற்பகல் வெளிச்சம் சன்னல் கம்பிகளின் நிழலை மேசை விரிப்பின் மேல் சாய்த்துக் கிடத்தியிருக்கும் இந்த நேரத்தில், ஒரு கிளாஸுக்குள் பாதி நுழைந்து நிற்கிறது, அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை இழுத்தார். ஒன்றும் இல்லை. காலிக் கிளாஸில்கூடக் கழுவின தண்ணீரின் வாசனை, துடைத்த துணியின் வாசனை என்று ஏதாவது இருக்கும், இதில் அதுவும் இல்லை, சுவரை முகர்வதுபோல, இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு வாசனை உண்டு, கனவில் முகர்வதுபோல. பொறு, அவசரப்படாதே, சுழற்றாமல் முதல் மோப்பம், சுழற்றி இரண்டாவது, அதுதானே முறை, முதல் மோப்பத்தில் கிழட்டு ஒயின் பேசாது, ஐம்பது வருஷம் இருட்டில் படுத்துக் கிடந்ததை எழுப்பி உட்காரவைத்தால் உடனே பேசுமா, நீ பேசுவாயா, அப்பா தூங்கி எழுந்து கட்டிலில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், வேண்டாம், அப்பாவை இப்போது நினைக்காதே. மேசைக்கு அந்தப் பக்கம் ஒதீல் இருக்கிறாள், அவர் மனைவி, இடுப்பில் கை வைத்து நின்றபடி. அவளுக்கு இடப்பக்கம் அவள் அண்ணன் கஸ்பார், பாரீசிலிருந்து போன வாரம் வந்து இறங்கியவன், வாயைத் திறந்தால் புளுகு, எந்த ஒயினைக் கொடுத்தாலும் அற்புதம் என்று சொல்கிற நாக்கு. இருவர் முன்னாலும் ஊற்றின கிளாஸ்கள் தொடப்படாமல் இருக்கின்றன. இந்த வீட்டு வழக்கம் அது, கல்யாண வருஷத்துப் பாட்டிலைத் திறந்தால் புருஷன் முகர்ந்து சொல்லும்வரை யாரும் கிளாஸைத் தொடக்கூடாது. வழக்கத்தை வைத்தது யார்? மர்த்தேன். இந்த மூக்கின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது யார்? மர்த்தேன். கஸ்பார் ஒரு வாய் குடித்துத் தொலைத்தால் அவன் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம், குடிக்கமாட்டான், வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"என்ன மாப்ளே, மூக்கு உள்ளேயே மாட்டிக்கிச்சா? சோப்பு போட்டு எடுக்கணுமா?"

"சும்மா இருங்க மச்சான். இது உங்க பாரீசு சூப்பர்மார்க்கெட் சரக்கு இல்ல."

"அது சரி. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுவீங்கல்ல?"

ஒதீல் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் விருந்து, கல்யாணமாகி ஐம்பதாவது வருஷம், கோவில் பூசை முடிந்து எல்லோரும் இங்கேதான் சாப்பாடு. எழுபத்தைந்தாம் வருஷத்து மெதோக் ஒயின், வாங்கும்போது ஒரு பெட்டி நிறைய, இப்போது காவில் மிச்சம் இதைச் சேர்த்து மூன்று. காவ் என்று அவர்கள் சொல்வது வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையை, மழைக்காலத்தில் தரை வியர்க்கும், ஒரு ஏசி எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். இந்தப் பாட்டில் உயிரோடு இருந்தால் மற்ற இரண்டும் ஞாயிறு மேசைக்கு வரும், செத்திருந்தால் மூன்றையும் கொட்டிவிட்டுக் கடையில் வேறு வாங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று அவர்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுழற்றினார். கிளாஸின் சுவரில் சிவப்பு ஏறி இறங்கி, கோடு கோடாகக் கால் விட்டு வழிந்தது. மூக்கை வைத்தார். புயல் வந்த வருஷம் கரண்ட் போய்க் கிடந்ததே, ஏசி நின்று காவ் முழுக்கப் புழுங்கிக் கிடந்ததே, அப்போது வெந்திருக்கலாம், ஆனால் வெந்த ஒயினுக்கும் வாசனை உண்டு, வெல்லப்பாகு கருகின மாதிரி, அதுவும் இல்லை. கார்க்காக இருக்கலாம். ஆமாம், கார்க். கார்க்கில் பூஞ்சை நிறையப் பட்டால் ஒயின் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறும், எல்லோருக்கும் தெரியும், ஆனால் துளியூண்டு பட்டால் நாறாது, ஊமையாகிவிடும், எல்லா வாசனையையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு பேசாமல் நிற்கும், இது தெரிந்தவர்கள் குறைவு, மர்த்தேனுக்குத் தெரியும். ஆகவே ஒயின் ஊமை. ஆகவே மூக்கு நல்லது. ஆகவே. அந்த மூன்றாவது ஆகவேயில் எண்ணம் முள்ளில் மாட்டின வேட்டிபோல நின்றது. ஊமை ஒயினுக்கும் செவிட்டு மூக்குக்கும் என்ன வித்தியாசம், உள்ளே இருந்து பார்த்தால்?

சோதிக்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் சுலபமான வழி, தூலோனில் முதல் வாரமே கற்றுக்கொடுத்த வழி. மூக்கு களைத்துப்போனால் முழங்கையை மடித்துச் சொந்தக் கையை முகர வேண்டும். எவனுக்கும் தன் தோல் வாசனை தெரியும், வியர்வையும் உப்பும் தன்னுடைய ஏதோ ஒன்றும், அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி கிளாஸுக்குப் போனால் மூக்கு புதிதாகிவிடும். அரை நொடி வேலை. கை இங்கேதான் இருக்கிறது, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவைத்திருக்கிறார், நரைத்த மயிரோடு, பழைய ஊசித் தழும்போடு. முகர்ந்தால் தெரிந்துவிடும். முகர்ந்தால் தெரிந்துவிடும் என்பதுதான். தெரியாதவரை ஒயின் ஊமை, தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தத் தெரிதலோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும். அவர் கை மேசை மேலேயே கிடந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன கைபோல.

அப்பாவுக்கு மூக்கில்தான் ஆரம்பித்தது. வேண்டாம் என்றாலும் வந்துவிட்டார், தொம்மினிக் சவரிநாதன், வெள்ளைக் கால்சட்டை, மடியில் செய்தித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை, பக்கத்து வீட்டார் ஓடிவந்து கதவைத் தட்டுகிறார்கள், அவர் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, எதுக்கு எல்லாரும் ஓடிவர்றீங்க, என்ன விசேஷம் என்று கேட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். மர்த்தேனும் சிரித்தார். பால் கருகினதற்கு அடுத்து சாவிகள், அதற்கடுத்து தெருப் பெயர்கள், கடைசியில் ஒரு காலை அம்மா காப்பி கொண்டுபோய் வைத்தபோது எழுந்து நின்று, அதுதான், எழுந்து நின்று, சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, அவ்வளவு மரியாதையாக, நீங்க யாரு மதாம் என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். மூக்குதான் முதலில் போகும் என்று டாக்டர் அப்போது சொன்னார், மூளையில் அதற்குப் பக்கத்து அறையில்தான் ஞாபகம் இருக்கிறது, ஒரு அறையில் ஒழுகினால் மறு அறைக்குப் போகாதா. நீங்க யாரு மதாம். ஒதீல் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஒதீல், ஒதீல், ஒதீல், அவர் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார், பெயர் இருக்கிறது, முகத்தோடு ஒட்டியிருக்கிறது, இன்றைக்கு ஒட்டியிருக்கிறது.

"ஏங்க, தலை சுத்துதா? கொஞ்சம் சாஞ்சு உக்காருங்களேன்."

"கலர் பாக்கறேன்டி."

கிளாஸை வெள்ளை விரிப்பின் மேல் சாய்த்தார். நிறம் தெரிகிறது, கண் நன்றாகவே இருக்கிறது, நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் பழைய செங்கல், அதற்கும் வெளியே தேநீர்க் கறை. இந்த வயசுக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். பாட்டிலில் ஒயின் தோளுக்குக் கீழே இறங்கவில்லை, கார்க் மேல்பக்கம் கறுத்திருந்தாலும் இரண்டு தகடு வைத்த திருகியால் உடையாமல் வந்தது, ஊற்றும்போது கழுத்துக்கடியில் மெழுகுவர்த்தி பிடித்து வண்டல் வரும் முன்னே நிறுத்தினார், கை நடுங்கவில்லை. கண் சரி, கை சரி. மூக்கு? போன வாரம் பெரிய மார்க்கெட்டில் வாங்கிவந்த வஞ்சிரத்தை ஒதீல் பையைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு, கெட்டுப்போனதை எப்படிங்க வாங்கினீங்க, உங்களையே ஏமாத்திட்டாளா அந்த மீன்காரி என்றாள். செவுளைப் பார்த்தேன், சிவப்பாத்தான் இருந்துச்சு என்றார். செவுளைப் பார்த்தாராம். எப்போதிலிருந்து மர்த்தேன் மீனைக் கண்ணால் வாங்குகிறான்? சரி, இன்று காலைக் காப்பி, அது மணந்ததே. மணந்ததா? டம்ளரைத் தூக்கினார், காப்பி மணம் என்று நினைத்தார், நினைத்தாரா முகர்ந்தாரா, இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது, ஒருவேளை இந்த ஒரு வருஷமாக அவர் எதையுமே முகரவில்லையோ, பழைய வாசனைகளை எடுத்து எடுத்துப் போட்டுக் காலம் தள்ளுகிறாரோ, காவில் இருக்கிற பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து குடித்துக்கொண்டே, புதிதாக எதுவும் உள்ளே வராமல். அந்தக் காவ் காலியாகிவிட்டால்?

முதல் பாட்டில் அப்படி இல்லை. முதல் பாட்டில் தூலோனில், துறைமுகத்தைப் பார்த்த சின்ன வீடு, அலமாரியில் கண்ணாடி டம்ளர் இரண்டுதான். இளசு ஒயின், முரட்டுத் துவர்ப்பு, இன்னும் நெடுங்காலம் படுக்க வேண்டியது, ஆனாலும் ஆசை, திறந்துவிட்டார். மூக்கை வைக்கிறார், அடுப்படியிலிருந்து புதுப்பெண்டாட்டி வந்து பின்னாலிருந்து தோள் வழியாகக் கையை நீட்டி, எனக்கும் காட்டுங்க என்கிறாள், விரலெல்லாம் பூண்டு, ரகூ என்கிற கறிக்குழம்புக்கு உரித்த பூண்டு, பிரான்சு தேசத்து ஒயின் முழுவதும் அந்த ஒரு கைக்கு முன்னால் தலைதெறிக்க ஓடிவிட்டது. கத்தினார். புத்தி இருக்கா, ருசி பாக்கற நாள்ல பூண்டு தொடுவாங்களா? அவள் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு வந்ததுதான் சட்டம். கல்யாணப் பாட்டில் திறக்கிற நாளில் இந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, சாம்பிராணி கூடாது, கையை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். அத்தனை வருஷத்தில் ஒதீல் ஒருமுறைகூட மீறினதில்லை, கடையிலிருந்து ரொட்டி வாங்கி வைத்துவிடுவாள். அவளிடம் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது, அன்றைக்குக் கத்தி முடித்தபிறகு அந்த ஒயினில் ஒரு சொட்டும் அவருக்கு ஞாபகம் இல்லை, அந்தப் பூண்டுக் கைதான் ஞாபகம் இருக்கிறது, ஐம்பது வருஷமும் அதுதான்.

ஒரு வாய் எடுத்தார். பல்லிடுக்கில் காற்றை இழுத்து, கொப்பளித்து, நாக்கின் அடியில் விட்டுப் பார்த்தார். புளிப்பு இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, நாக்குக்கு வேண்டியது அவ்வளவுதான், மிச்ச வீட்டைக் கட்டுவது மூக்கு. அஸ்திவாரம் மட்டும் இருக்கிற வீட்டில் நிற்கிறார். சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் இருவரும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், ஏற்கெனவே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். செத்துப்போச்சு என்று சொல்லி, அவர்கள் முகர்ந்து அது உயிரோடு இருந்தால், அகப்பட்டார். உயிரோடு இருக்கு என்று சொல்லி அது செத்திருந்தால், அகப்பட்டார். உள்ளேயிருக்கிற பழைய காவைத் திறந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்தார்.

"காஞ்ச அத்திப்பழம்," என்றார். "பின்னாடியே புகையிலை. அப்புறம் மழையில நனைஞ்ச தோல், பெல்ட்டு மாதிரி. நல்லா இருக்கு. இன்னும் இருக்கு."

குரல் சரியாகத்தான் வந்தது. கஸ்பார் பாய்ந்து கிளாஸை எடுத்தான், மோந்தும் பார்க்காமல் ஒரே மடக்கு.

"அற்புதம்! அத்திப்பழமேதான்! மாப்ளே, எங்க மாமியார் வீட்டுத் தோட்டத்துல ஒரு அத்தி மரம், அதுல ஒரு பழம் விழுந்து ஆட்டுக்கு மண்டை உடைஞ்சுது, அதே பழம்!"

ஒதீல் குடிக்கிறவள் இல்லை, எப்போதும் முகர்வதோடு சரி. கிளாஸை எடுத்தாள். மூக்கருகே பிடித்தாள். நேரம் ஆகிறது. ஏன் இவ்வளவு நேரம்? இமை மூடித் திறக்கிறது. ஊமை என்று தெரிந்துகொண்டாளா, இல்லை, அது உரக்கப் பேசுகிறது, அத்தியுமில்லை புகையிலையுமில்லை, வேறேதோ சொல்கிறது, வினிகரோ, ரோஜாவோ, அதை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளா? கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள். ஒயினைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள், மேசை மேல் கிடக்கிற, இன்றைக்கு ஒருதரம்கூட மூக்குக்குப் போகாத கையை.

"நீங்க கையை மோந்து பாக்கவே இல்லையே இன்னிக்கு."

"எதுக்கு? மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"எப்பவும் பாப்பீங்களே."

"இன்னிக்கு வேணாம்னு தோணிச்சு. இதுக்கெல்லாம் விளக்கம் சொல்லணுமா?"

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். தூலோனில் வந்த மாதிரியே பின்பக்கமாக, தோள் வழியாக, கையை நீட்டினாள், விரல்கள் அவர் மேலுதட்டைத் தொடும் தூரத்தில் வந்து நின்றன. "சரி, என் கையையாவது பாருங்க," என்றாள், "என்ன வாசனைன்னு சொல்லுங்க." விளையாட்டுப்போலத்தான் சொன்னாள். இவளுக்குத் தெரியும். மீன் வாங்கின நாளிலிருந்தே தெரிந்திருக்கும், அவளும் இந்தக் கையை நீட்டாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருப்பாள். அவர் கண்ணை மூடினார். இழுத்தார். அடிவயிற்றிலிருந்து, முதுகெலும்பிலிருந்து, தூலோன் துறைமுகத்திலிருந்து இழுத்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும், ஒன்றும். இல்லை என்று சொல்லிவிடலாமா, சொன்னால் முடிந்தது, எழுந்து நின்று பித்தானைச் சரிபார்க்க வேண்டியதுதான். தோலின் சூடு மேலுதட்டில் படுகிறது, சுருங்கின விரல், மோதிரத்தின் விளிம்பு, இந்தக் கைக்கு வேறென்ன வாசனை இருக்க முடியும் உலகத்தில்?

"பூண்டு," என்றார்.

முதலில் அவருக்குப் புரியவில்லை, சரியாகச் சொன்னவனுக்குக் கிடைக்கிற சத்தம் ஏன் வரவில்லை என்றுதான் பார்த்தார். ரொட்டித் தட்டைப் பார்த்தார், கடை ரொட்டி. சன்னலில் வழக்கமாகத் தொங்கும் பூச்சரம் இல்லை. ஒதீலின் கொண்டை வெறுமையாக இருந்தது. ருசி பார்க்கிற நாள். இன்றைக்கு இந்த வீட்டில் யார் கையிலும் வாசனை இருக்காது, இருக்கக் கூடாது, அது அவர் வைத்த சட்டம். வெறும் தண்ணீரில் கழுவின கையை நீட்டினாள். அதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று, அவர் மூக்கு அதைத்தான் சொன்னது, ஒன்றும் இல்லை என்று, உண்மையைச் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார். மூக்கு ஒருவேளை நன்றாகவே இருந்திருக்கலாம். சட்டத்தை அல்லவா மறந்துவிட்டார். கொஞ்ச நேரம் முன்புதான் வரிசையாக நினைத்தாரே, தாளிக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, நினைத்ததை அதே மேசையில், அதே கிளாஸுக்கு முன்னால், எப்படி. எந்த வழியாக ஒழுகிப் போயிற்று. மறு அறை. மறு அறைக்கு வந்தாயிற்று. தொண்டையில் துவர்ப்பு மட்டும் நின்றது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், பித்தானைத் தடவினார்.

"ஆமாங்க," என்றாள் ஒதீல்.

கையை எடுக்கவில்லை. "பூண்டுதான். காலையில மறந்துபோய் உரிச்சுத் தொலைச்சிட்டேன், ஞாயித்துக்கிழமைக்குன்னு. கழுவினேன், போகல. நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும். அதான் எனக்கும் ஒயின்ல ஒண்ணும் புரிபடல."

"அதானே பாத்தேன்!" கஸ்பார் மேசையைத் தட்டினான், கிளாஸ்கள் குலுங்கின. "நான் உள்ள வரும்போதே அடிச்சுது, பூண்டு நாத்தம்! தங்கச்சியைக் காட்டிக் குடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மூக்குன்னா இது மூக்கு மாப்ளே!"

இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிணற்றுக்குள் கயிறு விட்டவர்கள் பார்ப்பதுபோல. பிடிக்க வேண்டியது அவர். அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கை மூக்கருகேயே நிற்கிறது, திட்டுக்காகக் காத்து நிற்கிறது. மர்த்தேன் கிளாஸை ஓங்கி மேசை மேல் வைத்தார், விரிப்பில் செங்கல் நிறக் கறை சிதறியது.

"புத்தி இருக்காடி உனக்கு?" என்று கத்தினார், தெருவரைக்கும் கேட்கிற மாதிரி. "ஐம்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்! ருசி பாக்கற நாள்ல பூண்டு தொடுவாங்களா? எத்தனை தரம் சொல்லணும், எத்தனை தரம்?"

"தப்புதாங்க," என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "இனிமே ஞாபகம் வச்சுக்கறேன். நான் வச்சுக்கறேன்."

அவர் கத்திக்கொண்டே இருந்தார், நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாததால். கத்தியபடியே அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார், விடவில்லை, ஒயின் கிளாஸில் அப்படியே இருந்தது, அது ஊமையா உயிரா என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுதான், ஒரு சொல் கூட்டவில்லை, ஆட்டு மண்டை சங்கதி உட்பட. அன்று காலை முழுக்க அந்த வீட்டு அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவனுக்குத் தெரியும், அங்கே பூண்டுக் கூடையை யாரும் தொடவில்லை. அந்தப் புளுகன் வாய் பிறந்ததிலிருந்து சொன்ன பொய்களில் உருப்படியானது அந்த ஒன்றுதான். நீங்கள் அந்தத் தெருப்பக்கம் போனால் மர்த்தேன் உட்காரவைத்து உபசரிப்பார், ஏதாவது கிளாஸை நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பார், அத்திப்பழம் என்று சொல்லிவையுங்கள். இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒதீல் கேட்டால் மட்டும், கடற்கரையில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், சொன்னது யார் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். என் தங்கச்சி அப்புறம் என்னை வாசப்படி ஏறவிடமாட்டாள்.